வேலிக்கு வெளியே இருந்து பின்னிய சடை

கையில் கத்தரிக்கோல் ஏறிவிட்டால் பார்லர்க்காவின் வாய் தானாகத் திறந்துகொள்ளும். கழுத்தில் துணியைக் கட்டி உட்கார வைத்துவிட்டால் எதிரில் இருப்பவர் தலைமையாசிரியையாக இருந்தாலும் சரி, மீன் விற்கிறவராக இருந்தாலும் சரி, மாமியார் கதையிலிருந்து மாத்திரை டப்பா வரை எல்லாவற்றையும் பேசித்தான் அனுப்புவாள். கடை பெரிதில்லை. இரண்டு நாற்காலி, மூலையில் விரிசல் விட்ட ஒரு கண்ணாடி, போட்டால் கருகல் வாசம் அடிக்கிற ஒரு டிரையர். விரிசலின்மேல் சினேகிதி ஒருத்தி கொடுத்த பைபிள் வசன ஸ்டிக்கரை ஒட்டி மறைத்திருந்தாள்.

வேலை தேடி வெளியூர் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பத்தைக் கட்டிக்கொண்டான் என்று தெரிந்தபோது அவள் கைக்குழந்தைக்காரி. மூன்றாவது தெருவில் இருந்த அழகு நிலையத்தில் கீழே விழுந்த முடியைக் கூட்டும் வேலைக்குப் போனாள். துடைப்பத்தோடு நின்று பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டாள். குழந்தையை ஷாம்பு அட்டைப்பெட்டிக்குள் உட்கார வைத்திருப்பாள். அது அங்கிருந்தே வருகிறவர்களை எல்லாம் கேள்வி கேட்கும்.

வளர்ந்த பிறகும் மகளுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. ஞாயிறு வகுப்பில் பாஸ்டர் ஜலப்பிரளயக் கதை சொல்லி முடித்ததும், அத்தனை மிருகமும் போட்ட சாணியைக் கப்பலில் யார் அள்ளினார்கள் என்று கேட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு வக்கீல் என்று பேர் வந்தது. இப்போது பதினைந்து வயது. கேள்வி குறைந்தபாடில்லை.

போன வருஷம் வக்கீலுக்கு விஷக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இளம் டாக்டர் ஒருத்தி வீட்டுக்கே போகாமல் சலைனையும் ரத்தத்தையும் மாற்றி மாற்றி ஏற்றி அவளை இழுத்துக் கொண்டுவந்தாள். பார்லர்க்கா வராந்தாவில் மண்டியிட்டு, பிள்ளை பிழைத்தால் ஊழியம் செய்வதாகப் பொருத்தனை பண்ணிக்கொண்டாள். காய்ச்சலை இறக்கியது டாக்டர். நன்றி போய்ச் சேர்ந்த இடம் வேறு. அந்த டாக்டரின் பெயரைக் கேட்டுக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

ஆகையால், கடல் தாண்டி ஒரு நாட்டில் இருக்கும் அநாதை இல்லத்துக்குப் பெற்றோரும் பிள்ளையுமாகச் சேர்ந்து ஊழியத்துக்குப் போகலாம் என்று சபையில் பாஸ்டர் அறிவித்தபோது முதல் கை அவளுடையதாக இருந்தது.

"நம்ம தெருவுல இருக்கிற பிள்ளைங்களுக்கு முடி வெட்டினா கடவுள் கணக்குல ஏறாதாம்மா?" என்றாள் வக்கீல்.

"உனக்காகத்தான்டி போறேன். வாயை மூடிக்கிட்டு வா."

வாயை மூடவில்லை என்றாலும் வந்தாள். விமானம் ஏறும் ஆசை எந்தப் பிள்ளைக்குத்தான் இல்லை.

இல்லம் ஊருக்கு வெளியே இருந்தது. உயரமான மதில், இரும்புக் கதவு. உள்ளே நீளக் கூடம், அதன் சுவரில் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்ட மேய்ப்பனின் படம். பின்பக்கம் சமையல்கட்டு, துணி துவைக்கும் கல், அதற்கப்பால் மதில் கட்டக் காசில்லாததுபோல வெறும் கம்பிவலை வேலி. நடத்துகிறவரை எல்லாரும் டாடி என்றார்கள், அவர் மனைவியை மம்மி என்றார்கள். மம்மி நம் ஊரில் வேதாகமக் கல்லூரியில் படித்தவர். நம் மொழி சரளமாக வந்தது. வந்தவர்களுக்கு அவர்தான் காதும் வாயும்.

வேன் நின்றதும் குழந்தைகள் ஓடி வந்து ஆளுக்கு ஒருவரைக் கட்டிக்கொண்டார்கள். பார்லர்க்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வக்கீல் மட்டும் இடுப்பைச் சுற்றிய சின்னக் கைகளைக் குனிந்து பார்த்தபடி நின்றாள்.

"ம்மா, இவங்க என் மூஞ்சியைக்கூடப் பார்க்கல. பார்க்காமலே கட்டிப்பிடிக்கிறாங்க."

"பாசம்டி."

"நம்ம வீட்டுக்கு வர்ற பிள்ளைங்க முதல் நாள் உன் கிட்ட வருதா? கதவுக்குப் பின்னால ஓடி ஒளியுது. இதுங்க ஏன் ஒளியல?"

விருந்தாளிகள் பார்க்கப் பூட்டிய அலமாரியிலிருந்து எடுத்துப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்ட புதுச் செருப்புகள், வரவேற்புப் பாட்டு முடிந்ததும் திரும்ப அலமாரிக்குள் போனதைப் பார்லர்க்காவும் பார்த்தாள். பத்திரமாக வைக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டாள். நல்லது செய்ய வந்தவர்களுக்குக் கண்ணில் படுகிறதெல்லாம் நல்லதாகவே தெரியும்.

மறுநாள் அவளுக்கு வேலை ஒதுக்கினார்கள். பிள்ளைகள் தலை முழுக்கப் பேன். ஞாயிற்றுக்கிழமை நன்கொடையாளர்கள் வருகிற பெரிய கூட்டம் இருக்கிறது. எல்லாருக்கும் ஒட்ட வெட்டிவிடுங்கள், ஆண் பெண் பார்க்க வேண்டாம் என்றார் மம்மி. அந்தச் சின்னவளை மறந்துவிடாதீர்கள் என்று தனியாக ஒருத்தியைக் காட்டிச் சொன்னார். போகும்போது திரும்பி நின்று இன்னொரு தரமும் சொன்னார். மறக்க என்ன இருக்கிறது என்று பார்லர்க்கா நினைத்துக்கொண்டாள்.

வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மெஷினை மாட்டி, வேலையை ஆரம்பித்தாள். வக்கீல் முடியைக் கூட்டி அள்ளினாள், அழுகிற பிள்ளைக்கு வேடிக்கை காட்டினாள். வரிசை மளமளவென்று நகர்ந்தது. கடைசியில் அந்தச் சின்னவள் வந்தாள். ஆறு வயதிருக்கும். சோற்றைப் பருக்கை பருக்கையாகக் கொத்தித் தின்பதைப் பார்த்து வக்கீல் அவளுக்குக் குருவி என்று பேர் வைத்திருந்தாள்.

துணியைக் கட்டப் போன பார்லர்க்காவின் கை நின்றது. மற்ற தலைகள் எல்லாம் சிக்கும் அழுக்குமாக இருக்க, இந்தத் தலையில் மட்டும் மெல்லிசு மெல்லிசாகப் பத்துப் பதினைந்து சடைகள். வகிடுகள் கோடு போட்டதுபோல. ஒவ்வொரு நுனியிலும் நீலத் துணிக் கிழிசல் முடிச்சு. ஒரு விசித்திரம் என்னவென்றால், எல்லாச் சடையும் பின்னந்தலையில்தான். முன்பக்க முடியை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. இப்படிப் பின்ன ஒருத்தி அரைநாள் உட்கார்ந்திருக்க வேண்டும். யார் பின்னினது என்று மம்மியைக் கூப்பிட்டுக் கேட்டாள். பெரிய பெண்கள் விளையாட்டாகச் செய்திருப்பார்கள் என்றார் மம்மி.

காதுக்குப் பின்னால் விலக்கிப் பார்த்தாள். ஈர் நாலைந்துதான் இருந்தது. ஆனாலும் இருந்தது. பெண்கள் விடுதி ஒன்றுக்கு வருஷக்கணக்காகப் போய் முடி வெட்டியவள் அவள். ஒரு தலையை இரக்கப்பட்டு விட்டுவைத்தால் அடுத்த வாரமே அத்தனை தலையும் அரிக்கும் என்பது அவள் பட்டுத் தெரிந்துகொண்டது. அதில் அவள் யாருக்காகவும் வளைந்ததில்லை.

மெஷின் சத்தம் கேட்டதும் குருவி இரண்டு கையாலும் பின்னந்தலையைப் பொத்திக்கொண்டாள். அழவில்லை. அவள் மொழியில் ஏதோ ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"ம்மா, விட்டுடு. வேணாம்னு சொல்றா."

"உனக்குப் புரிஞ்சுதா?"

"வேணாம்னா எந்தப் பாஷையிலும் புரியும்மா."

"முடிதானேடி. வளர்ந்துடும். தலையை ஆடாமப் புடி."

வக்கீல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு குருவியின் கைகளை விலக்கி, தலையை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்தாள். சடைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. முடிந்ததும் குருவி நாற்காலியைவிட்டு இறங்கி, விழுந்ததை எல்லாம் பொறுக்கிக் கவுன் மடியில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மத்தியானம் பார்லர்க்கா சமையல்கட்டுக்குப் பின்னால் கை கழுவப் போனாள். சமையல்காரம்மா அரிவாள்மனையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். முன்னே நம் ஊர்க் குடும்பம் ஒன்றில் பல வருஷம் வீட்டு வேலை பார்த்ததில் நம் பேச்சு கற்றவர். துவைகல்லின் ஓரம் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்த குருவியைப் பார்த்ததும் அவர் கை அப்படியே நின்றது.

"இவளையும் வெட்டிட்டியா?"

"பேன் இருந்துச்சுக்கா."

"பேன்." அவர் நறுக்கின காயைத் தட்டில் தள்ளினார். "அது அவ அம்மா பின்னினதும்மா."

சமையல்காரம்மா சொன்னதை எல்லாம் பார்லர்க்கா நின்றபடியே கேட்டாள். தாய்க்காரி தையல் ஆலையில் கூலி. புருஷன் செத்துப் போய் வாடகைக்கு வழியில்லாமல் நின்றபோது இல்லத்து ஆட்கள் அந்தக் குடிசைப் பகுதிக்குப் போயிருக்கிறார்கள். படிக்க வைக்கிறோம், சோறு போடுகிறோம், நிலைமை சரியானதும் கூட்டிப் போ என்று சொல்லித்தான் பிள்ளையை வாங்கி வந்தார்கள். நிலைமை சரியாகி அவள் வந்து கேட்டாள். ஆண்டவருக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்பது பாவம் என்றார்கள். கதவுக்கு உள்ளேயே விடவில்லை. ஆகவே, ஆலைக்கு லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பின்பக்க வேலிக்கு வருவாள். பிள்ளை வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரும். கம்பிவலைக் கண்ணுக்குள் விரலை விட்டு அவள் பின்னுவாள். விரல் எட்டுகிற இடம் வரைதான் சடை வரும். நீலத்துணி ஆலையில் வெட்டி எறிந்தது.

"இந்தச் சடை லூசாகி அவிழ ஆரம்பிச்சா அம்மா வந்துருவேன்னு சொல்லிட்டுப் போவா. அந்தக் குட்டிக்கு நாள் கணக்கு தெரியாது. தலையைத் தொட்டுத் தொட்டுத்தான் பார்த்துக்கும்."

பார்லர்க்கா குழாயை மூடினாள். கை ஈரத்தைத் துடைக்க மறந்து நின்றாள்.

சமையல்காரம்மா குரலைத் தாழ்த்தினார். தூர தேசத்திலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள், குருவியைத் தத்தெடுக்க. போன மாசம் வந்து பார்த்தபோது அந்த அம்மாள் சடையைத் தடவி, யார் இவ்வளவு அழகாகப் பின்னிவிடுவது என்று கேட்டிருக்கிறாள். குருவி வேலியைக் கை காட்டினாள். மம்மி சிரித்து மழுப்பிவிட்டார். இந்த ஞாயிறு அவர்கள் வந்து பிள்ளையைக் கூட்டிப் போகிறார்கள்.

"பேனுக்குத்தான் வெட்டச் சொன்னாங்கன்னு நினைச்சியா நீ?"

வக்கீல் பின்னால் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அம்மாவை ஒரு வார்த்தை வைது தீர்த்திருந்தால் பார்லர்க்காவுக்குத் தேவலை. அவள் வைது தீர்க்கவில்லை. தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்னே. நான் புடிச்சேன்," என்றாள்.

பார்லர்க்கா கூடவே வந்திருந்த பாஸ்டரிடம் போனாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். உண்மையில் அவர் கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் இந்த மாதிரி இடங்களில் பெரிய தொல்லை. அடுத்தவர் ஊழியத்தில் நாம் கை வைக்கக் கூடாது என்றார். பெற்றவளிடமே இருந்தால் அந்தப் பெண் என்ன ஆவாள், இன்னொரு தையல் கூலி, அங்கே போனால் டாக்டர் ஆவாள் என்றார். ஏழைக்குப் பிள்ளை எதற்கு என்பதை இதைவிட மரியாதையாக யாரும் சொல்லிவிட முடியாது. சேர்ந்து ஜெபிக்கலாம் என்றார். ஜெபித்தார்கள்.

அவர் சொன்னதில் பாதியை நம்பியபடிதான் அவள் அறைக்குத் திரும்பினாள். இரண்டடுக்குக் கட்டிலின் கீழே உட்கார்ந்திருந்தபோதுதான் ஷாம்பு அட்டைப்பெட்டி நினைவுக்கு வந்தது. அன்றைக்கு, கையில் துடைப்பத்தோடு நின்ற நாளில், யாராவது வெள்ளைச் சட்டையில் வந்து பிள்ளையைப் படிக்க வைக்கிறோம் என்று கேட்டிருந்தால்? பெட்டியோடு தூக்கிக் கொடுத்திருப்பாள். கும்பிட்டுக் கொடுத்திருப்பாள். வக்கீல் என்கிற இந்த வாயாடி இன்றைக்கு யார் வந்தாலும் முகம் பார்க்காமல் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஊழியத்துக்கு வந்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. தேவன் தனக்குச் செய்த நன்மையை ஒவ்வொருவரும் எழுந்து சொல்வார்கள், மம்மி அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பார். பார்லர்க்கா மகளின் காய்ச்சல் கதையைச் சொல்வதாகப் பேச்சு. வக்கீலிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்: "நான் வெட்டினேன், நானே சொல்றேன். நீ சும்மா இரு."

கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அந்தத் தம்பதி. அந்த அம்மாள் மடியில் புதுப் பொம்மை ஒன்றை வைத்து அதன் முடியைக் கோதிக்கொண்டிருந்தாள். மொட்டைத் தலைகள் எல்லாம் ஒரே நிறச் சட்டையில் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பார்லர்க்கா எழுந்து மைக்கைப் பிடித்தாள். கடையில் நாளெல்லாம் பேசுகிறவள் இங்கே சுருக்கமாகத்தான் பேசினாள்.

"இந்தக் குழந்தைக்கு அம்மா இருக்காங்க," என்றாள் குருவியைக் காட்டி. "உயிரோட இருக்காங்க. ஞாயித்துக்கிழமையானா பின்பக்க வேலிக்கு வந்து சடை பின்னிவிடுவாங்க. அந்தச் சடையை நான்தான் வெட்டிட்டேன். தெரியாம வெட்டிட்டேன். இவளை அவங்க அம்மாகிட்டக் கொடுத்துடுங்க."

மம்மி அவள் முகத்தையே பார்த்தபடி, ஒரு வார்த்தை தடுமாறாமல் மொழிபெயர்த்தார். முடித்ததும் கூடம் முழுக்கக் கை தட்டினார்கள். ஆமென், அல்லேலூயா என்றார்கள். முன்வரிசை அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்லர்க்காவைக் கும்பிட்டாள்.

கை தட்டல் ஓய்வதற்குள் வக்கீல் எழுந்துவிட்டாள். பள்ளிக்கூட ஆங்கிலம்தான், இலக்கணம் எல்லாம் உதிர்ந்து போன ஆங்கிலம். ஆனால் அந்தத் தம்பதிக்கு நேராகவே சொன்னாள். எங்கம்மா சொன்னது அது இல்லை. இவளுக்குத் தாய் இருக்கிறாள். வெளியே வேலியிடம் வந்து பாருங்கள்.

டாடி சிரித்தார். மூளை சரியில்லாத பெண் ஒருத்தி இந்தப் பக்கம் சுற்றுவது உண்டு என்றார். அந்த அம்மாள் பொம்மையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள். கணவன் அவள் கையைப் பிடித்தான். அவள் விலக்கிக்கொண்டு நடந்தாள். கூட்டம் பின்னாலேயே போயிற்று, மொட்டைத் தலைகளும்.

வேலிக்கு அப்பால் அவள் நின்றிருந்தாள். மெலிந்த ஆள், தோளில் ஒரு துணிப்பை. அத்தனை பேர் வருவதைக் கண்டு ஓரடி பின்வாங்கினாள். பிறகு வலையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளைத் தேடினாள். கண் ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குத் தாவிற்று. எல்லாம் ஒரே தலை, ஒரே சட்டை. குருவி நின்ற இடத்தையும் கண் தாண்டிப் போயிற்று.

டாடி மெதுவாகச் சொன்னதை வக்கீல் அம்மாவின் காதில் சொன்னாள். "பெத்த தாய்க்குத் தன் பிள்ளையை அடையாளம் தெரியாதான்னு கேக்கிறாரும்மா."

அந்தத் தாய்க்கு இருந்த ஒரே அடையாளத்தையும் பார்லர்க்காவின் மெஷினே மழித்துப் போட்டுவிட்டது.

வேலிக்கு வெளியே இருந்தவள் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். குருவி ஓடவில்லை. பார்லர்க்காவின் புடவைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு, ஒரு கையால் தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டாள். மறைக்கிறாள் என்று பார்லர்க்காவுக்குப் புரிந்தது. அம்மா பின்னித் தந்ததைத் தொலைத்துவிட்டு நிற்கிறாள்.

முதுகில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினால் போதும். கை எழுந்தது. ஆனால் ஒருதரம் பிடித்து அழுத்தியது போதாதா? கையை இறக்கினாள். விலகி மட்டும் நின்றாள்.

குருவி கொஞ்ச நேரம் மண்ணைப் பார்த்தாள். பிறகு நடந்து வேலியிடம் போனாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. எப்போதும்போலத் திரும்பி, முதுகைக் காட்டி உட்கார்ந்து, பின்னந்தலையைக் கம்பியோடு ஒட்டிவைத்தாள்.

வலைக் கண்ணுக்குள்ளிருந்து விரல்கள் வந்தன. மொட்டைத் தலையைத் தொட்டு அப்படியே நின்றன. பிறகு, முடி இருப்பதுபோலவே, வகிடு எடுத்தன.

தத்தெடுக்க வந்த அம்மாள் திரும்பி வேகமாகக் காருக்கு நடந்தாள். கணவன் பின்னாலேயே ஓடினான். கார் குருவி இல்லாமல் போயிற்று. அவ்வளவுதான் கிடைத்த வெற்றி.

அன்று மாலைக்குள் ஊழியத்துக்கு வந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். வேன் ஏறும்போது பிள்ளைகள் யாரும் கட்டிப்பிடிக்க வரவில்லை. வர வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள். விமானத்தில் பாஸ்டர் அவர்களிடம் பேசவில்லை. ஊருக்கு வந்த பிறகு சபைப் பெண்கள் வேறு பார்லருக்குப் போக ஆரம்பித்தார்கள். வெளிநாட்டில் போய்ச் சாத்தானுக்கு வாய் கொடுத்தவள் என்று ஒரு பேச்சு. வாய்தான் நமக்கு ஆஸ்தி என்று பார்லர்க்கா சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. கண்ணாடியில் இருந்த ஸ்டிக்கரை ஒருநாள் உரித்துப் போட்டாள். விரிசல் அப்படியே தெரிந்தது.

வக்கீல் அந்த நாட்டுக் குழந்தைகள் நலத்துறைக்குப் புகார் அனுப்பினாள். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினாள். அதே பதில் வந்தது. அந்த இல்லத்துத் திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியதே அந்தத் துறை அதிகாரிதான் என்று பிறகு தெரிந்தது.

சமையல்காரம்மா எப்போதாவது போன் பண்ணுவார். பார்லர்க்கா யார் தலையில் கை வைத்திருந்தாலும் ஓரமாகப் போய் எடுப்பாள். கடைசியாக வந்த அழைப்பின்போது வக்கீலும் பக்கத்தில் இருந்தாள்.

"முடி நல்லா வளர்ந்துடுச்சும்மா. பின்ற அளவுக்கு வந்துடுச்சு."

"அவங்க அம்மா வர்றாங்களாக்கா?"

"வர்றா. ஆனா வேலி பூரா தகரம் அடிச்சுட்டாங்க. ஒரு விரல் போற ஓட்டை கிடையாது. அவ அந்தப் பக்கம் நின்னு தட்டுவா."

"குருவி?"

போனில் பாத்திரம் உருட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"தட்டுற இடத்துல போய் முதுகைக் காட்டி உட்காந்துக்குவா. தகரத்துல தலையை வச்சுக்குவா. மத்தியான வெயில்ல அது அடுப்பாட்டம் காயுது. சுடும்டி வாடின்னு கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேங்குறா."